இறுக்காமல் விட்ட இரண்டு திருகுகள்



கடந்த வியாழக்கிழமை நம் ஆலயத்தில் புதிய புரொஜெக்டர் பொருத்தப்பட்டதை அறிவீர்கள். பழையது ஞாயிறு பள்ளிக்குப் போகிறது. அதைக் கூரையிலிருந்து இறக்கியபோது, அதனோடு இத்தனை ஆண்டுகள் கிடந்த நீல முனைக் கேபிளையும் சுருட்டி என் மேசையின்மேல் வைத்தார்கள். "ஞாயிறு பள்ளிக்குச் சின்னக் கேபிளே போதும், ஐயா. இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று கோயில்பிள்ளை கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் காரணத்தை இந்த வாரத் தியானமாக உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்களில் பலர் அந்த நிகழ்ச்சியின்போது ஆலயத்தில் இருந்தீர்கள். ஆனாலும் அதன் உட்பக்கம் உங்களுக்குத் தெரியாது. சம்பந்தப்பட்ட தம்பியின் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

பழைய புரொஜெக்டரை 2011ஆம் ஆண்டு அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் வாங்கினோம். வாங்குவதற்கு முன் கமிட்டியில் நடந்த விவாதம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆலயத்துக்குள் திரை எதற்கு, சினிமாக் கொட்டகையா இது என்று ஒரு மூப்பர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன மறுமொழியில் அன்று எனக்கே சற்றுப் பெருமை இருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், அச்சுப்பொறியை வரவழைத்து 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். இன்று நாம் பழமை என்று மதிக்கிற அச்சுப் புத்தகமும் ஒருநாள் நம் மண்ணில் புதுமையாகவே வந்திறங்கியது. கண்பார்வை மங்கிய முதியவர்கள் பாட்டுப் புத்தகத்தின் சிறு எழுத்தைப் படிக்க முடியாமல் வாய்மூடி நிற்கிறார்களே, அவர்களுக்காகத் திரை வரட்டும் என்றேன். மூப்பர் இசைந்தார். திரை வந்தது.

இணைப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பின்னால் வருவதை விளங்கிக்கொள்ள அது தேவை. அந்தப் புரொஜெக்டருக்கு விஜிஏ என்னும் பழைய வகை இணைப்பே இருந்தது. 1987இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த முறை அது. முனையில் மூன்று வரிசைகளாக மொத்தம் 15 முட்கள். அவற்றில் மூன்று சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைச் சுமக்கின்றன. வேறு இரண்டு, படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்க வேண்டும், ஒவ்வொரு சட்டகமும் எப்போது தொடங்க வேண்டும் என்று காலம் காட்டுகின்றன. முனையின் இருபுறமும் இரண்டு சிறு திருகுகள் உண்டு. கேபிள் நீளமானால் கனமும் கூடும். அந்தக் கனம் முனையை இழுத்துவிடாதபடி தாங்குவதே இந்தத் திருகுகளின் வேலை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் புதிய மடிக்கணினி வாங்கினோம். அதில் விஜிஏ துளையே இல்லை, எச்டிஎம்ஐ மட்டுமே இருந்தது. ஒன்று படத்தை எண்களாக அனுப்புவது, மற்றொன்று மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகப் பெறுவது. வெறும் கம்பியால் இவ்விரண்டையும் இணைக்க முடியாது. இடையில் மொழிபெயர்ப்பாளரைப்போல ஒரு சிறு மாற்றி வேண்டும். விரல் நீளமுள்ள அந்தக் கறுப்பு மாற்றியைக் கடைத்தெருவில் தேடிக் கண்டுபிடித்து வாங்கி வந்தவர் நம் சபையின் ஒரு வாலிபத் தம்பி. அப்போது அவர் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தார். கொத்து வேலை செய்யும் தகப்பனின் ஒரே மகன்.

அவர் செய்த வேலை அதோடு நிற்கவில்லை. நம் கீர்த்தனைகளும் ஞானப்பாட்டுகளும் பழைய கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. அத்தகைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பாட்டு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். புதிய கணினியில் முதல் ஞாயிறு அப்படித்தான் ஆயிற்று. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் தம்பி மாலைதோறும் ஆலய அலுவலறையில் உட்கார்ந்து, முந்நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளை ஒவ்வொன்றாக யூனிகோடில் அடித்து முடித்தார். எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் இனி அவை தமிழாகவே இருக்கும். இதற்காக அவருக்கு நாம் ஒரு சால்வைகூடப் போர்த்தவில்லை.

சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறு. பவனி முடிந்து, ஓலைகளோடு நீங்கள் அனைவரும் ஆலயத்துக்குள் வந்து அமர்ந்தீர்கள். முதல் பாட்டு திரையில் நன்றாக வந்தது. இரண்டாம் பாட்டின் முதல் சரணத்தில் திரை ஒருமுறை சிமிட்டியது. பிறகு நீல நிறமாகி, நடுவில் "நோ சிக்னல்" என்ற சொற்கள் தோன்றின. பாட்டு தடுமாறி நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று அயல் சேகரத்திலிருந்து விருந்தினர்களும் வந்திருந்தார்கள். நான் பீடத்தில் நின்றபடி மேசைப் பக்கம் பார்த்தேன். தம்பி மடிக்கணினியில் எதையோ தட்டினார். பின்பு மேசைக்குக் கீழே குனிந்து மறைந்துவிட்டார். வெட்கத்தால் ஒளிந்துகொள்கிறார் என்று எண்ணினேன். என் வாய் திறந்தது. ஒலிபெருக்கி முன்னால் இருப்பதை மறக்கவில்லை. தெரிந்தே பேசினேன்.

"தெரியாத வேலையை ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? ஆலயத்தில் விளையாட்டுத்தனம் வேண்டாம்."

தம்பி மெல்ல எழுந்தார். யாரையும் பார்க்காமல் பக்கவாசல் வழியாக வெளியே போனார். பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் அவருடைய தாயார் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் புத்தகங்களை எடுத்துப் பாட்டைத் தொடர்ந்தோம். நான் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கித்தேன். கழுதைக்குட்டியின்மேல் வந்த ராஜாவைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். பிரசங்கம் ஆசீர்வாதமாயிருந்தது என்று வாசலில் பலர் கைகொடுத்தார்கள்.

கடைசியாக வந்தவர் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியம்மா. யாருடைய கண்களுக்காகத் திரை வேண்டுமென்று நான் வாதாடினேனோ அவர்களில் ஒருவர். என் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஐயா, படம் வராததால் எனக்கு இரண்டு பாட்டுத்தான் போயிற்று. அந்தப் பிள்ளைக்கு என்ன போயிற்று என்று பார்த்தீர்களா?"

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. வயதானவர், பாசத்தில் பேசுகிறார் என்று ஒதுக்கிவிட்டேன்.

பெரிய வியாழன் ஆராதனைக்குத் தம்பி வரவில்லை. பெரிய வெள்ளிக்கும் வரவில்லை. உயிர்த்தெழுந்த ஞாயிறு அதிகாலை ஆராதனையில் அவருடைய பெற்றோர் மட்டும் வந்து, திருவிருந்து வாங்கியதும் போய்விட்டார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் தாங்க முடியவில்லை" என்று வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் மேசைப் பக்கம் யாரும் போகவில்லை, திரையை இறக்கவுமில்லை. புத்தகங்களைக்கொண்டே ஆராதித்தோம்.

அடுத்த சனிக்கிழமை மாலை, நாமே இணைத்துப் பார்த்தால் என்ன என்று ஆலயத்துக்குத் தனியே போனேன். புரொஜெக்டரை இயக்கினேன். விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது. "நோ சிக்னல்". ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை மாறி மாறி அழுத்தினேன். அதே சொற்கள். மடிக்கணினியை அணைத்துத் திரும்பவும் இயக்கினேன். அதே சொற்கள். அரை மணி நேரம் கழித்து, வேறு வழியின்றிக் கைவிளக்கோடு மேசைக்குக் கீழே குனிந்தேன். அன்று தம்பி குனிந்த அதே இடம்.

மாற்றி மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கேபிளின் நீல முனை அதிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. இரண்டு திருகுகளும் இறுக்கப்படவே இல்லை. முனையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு முள் சாய்ந்து வளைந்திருந்தது. சில கேபிள்களில் ஒரு முள் இல்லாமலே செய்திருப்பார்கள், அது குறையல்ல. ஆனால் இருக்கும் முள் வளைந்திருந்தால், யாரோ முனையைச் சரியாகப் பாராமல் வலுக்கட்டாயமாக அழுத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

அந்த "யாரோ" யாரென்று அப்போது நினைவுக்கு வந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின இரவு, பிரசங்கக் குறிப்பைத் திருத்துவதற்காக மடிக்கணினியை மாற்றியோடு சேர்த்து நான்தான் குருமனைக்கு எடுத்துப் போயிருந்தேன். காலையில் நானே கொண்டுவந்து, பவனிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் கேபிளைச் செருகினேன். செருகும்போது எதிர்ப்பு தெரிந்தது. சற்று அழுத்தினால் சரியாகிவிடும் என்று அழுத்தினேன். உள்ளே போயிற்று. திருகுகளைப் பற்றி எண்ணவே இல்லை. ஆராதனைக்கு முன் தம்பி சரிபார்த்தபோது படம் வந்தது. முள் எப்படியோ தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கேபிளின் கனம் முனையைச் சிறிது சிறிதாகக் கீழே இழுத்து, இரண்டாம் பாட்டில் விடுவித்துவிட்டது.

ஆலயத்தின் தரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்க வாய் வரவில்லை. பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்னும் கருத்தில் நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்திருக்கிறார். அந்தப் பகுதியை எத்தனையோ முறை நான் விளக்கியிருக்கிறேன். அன்று விளக்கம் தேவைப்படவில்லை. எழுந்து போனேன்.

தம்பியின் தாயார் கதவைத் திறந்தார். "வாங்க ஐயா" என்று சொன்னாரேயொழிய முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி வந்து நின்றார். தேநீர் வந்தது. அதைக் குடிக்காமலே சொன்னேன்: "தம்பி, அன்று கேபிளை மாட்டியவன் நான். திருகை இறுக்காதவனும் நான். தவறு முழுவதும் என்னுடையது. என்னை மன்னிக்க வேண்டும்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும், ஐயா. காலையில் நீங்கள் மாட்டியதைப் பார்த்தேன். கீழே குனிந்தபோது திருகு இறுக்காமல் கிடந்ததையும் பார்த்தேன்" என்றார்.

"அப்படியானால் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் பீடத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள், ஐயா."

பிரியமானவர்களே, பீடத்தில் நின்ற நான், கீழே குனிந்திருந்தவனை எல்லாருக்கும் முன்பாக வெட்கப்படுத்தினேன். கீழே குனிந்திருந்தவரோ, பீடத்தில் நின்றவன் வெட்கப்படலாகாது என்று எழுந்து வெளியே போனார். அன்று அந்த ஆலயத்தில் தாழ்மையைப் பற்றிப் பேசியவன் ஒருவன், அதன்படி நடந்தவர் வேறொருவர்.

வீட்டில் கேட்ட மன்னிப்பு போதாது என்று எனக்குத் தெரிந்தது. ஒலிபெருக்கியில் சொன்ன சொல்லை ஒலிபெருக்கியில்தான் திரும்பப் பெற வேண்டும். போதகர் சபைமுன் மன்னிப்புக் கேட்டால் ஊழியத்தின் மதிப்பு குறையும் என்று என்மேல் அக்கறையுள்ள ஒரு மூப்பர் சொன்னார். தம்பியே, "வேண்டாம் ஐயா, முடிந்துவிட்டது" என்றார். ஆனாலும் மறுநாள் ஆராதனையில் நான் என்ன சொன்னேன் என்பதை நீங்கள் கேட்டீர்கள். அந்த ஞாயிறு தம்பி ஆலயத்தில் இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேசைப் பக்கம் வரவில்லை. மன்னிப்புக் கேட்டவுடன் எல்லாம் முன்போலாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை அதிகாரமே என்று அந்த வாரங்களில் கற்றுக்கொண்டேன். வளைந்த முள்ளைச் சிறு குறட்டால் நிமிர்த்தலாம். ஆனால் மெதுவாகத்தான் நிமிர்த்த வேண்டும். வேகமாக நிமிர்த்தினால் முறிந்துவிடும்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை அவரே வந்தார். கையெழுத்தில் ஓர் அட்டை எழுதி மேசையில் ஒட்டினார். திரைப்பணியில் உதவும் பிள்ளைகளுக்கும், வீட்டிலோ பள்ளியிலோ இதே வேலை செய்கிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே தருகிறேன்:

1. எல்லாம் அணைந்திருக்கும்போதே கேபிளைச் செருகவும். முனையின் வடிவத்தைப் பார்த்துச் செருகவும், அழுத்த வேண்டாம். இரண்டு திருகையும் விரலால் இறுக்கவும்.

2. முதலில் புரொஜெக்டர், பிறகு மடிக்கணினி. விளக்கு முழு வெளிச்சத்துக்கு வரும்வரை பொறுக்கவும்.

3. ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய வழியைத் தேர்ந்தெடுக்கவும்.

4. படம் வராவிட்டால் விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தவும். நான்கு தேர்வுகள் வரும். 'டூப்ளிகேட்' என்றால் இரண்டிலும் ஒரே படம். 'எக்ஸ்டெண்ட்' என்றால் இரண்டிலும் வேறு வேறு.

5. எழுத்து மங்கினால் கணினியின் திரை அளவை 1024 × 768 ஆக்கவும். இந்தப் புரொஜெக்டருக்கு உரிய அளவு அது.

6. விஜிஏ கேபிளில் ஒலி போகாது. ஒலிக்குத் தனிக் கம்பி.

7. முடிந்ததும் ரிமோட்டில் அணைக்கவும். விசிறி நிற்கும்வரை சுவரிலுள்ள சுவிட்சைத் தொட வேண்டாம். விளக்கு சூடாக இருக்கும்.

அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். படம் கணினியிலிருந்து புரொஜெக்டருக்குப் போகிறது, அவ்வளவுதான் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியல்ல, ஐயா என்றார். அந்த 15 முட்களில் இரண்டு, புரொஜெக்டர் கணினியோடு பேசுவதற்காகவே உள்ளன. நான் யார், எந்த அளவுப் படத்தை என்னால் காட்ட முடியும் என்று புரொஜெக்டர் முதலில் அறிவிக்கும். கணினி அதைக் கேட்டு அதற்கேற்பப் படத்தை அனுப்பும். அனுப்புகிறவன் கேளாமல் அனுப்பினால் மங்கலாகவோ ஓரம் வெட்டுண்டோ போய்ச் சேரும், சில வேளைகளில் சேராமலே போகும். முப்பது ஆண்டுகளுக்கு முன் இறையியல் கல்லூரியில் பிரசங்கக் கலையில் எனக்கு நல்ல மதிப்பெண்கள் கிடைத்தன. கேட்டபின் பேசுவதை ஒரு பாலிடெக்னிக் மாணவரிடம் கற்றேன்.

எண்ணாகமம் இருபதாம் அதிகாரத்தை இந்த வாரம் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள். கன்மலையைப் பார்த்துப் பேசும்படி தேவன் மோசேக்குக் கட்டளையிடுகிறார். மோசேயோ கோபங்கொண்டு, சபையாரைக் கலகக்காரர் என்று கடிந்து, கன்மலையை இரண்டுமுறை அடிக்கிறார். கவனியுங்கள், அடித்தபோதும் தண்ணீர் வந்தது. ஜனங்களும் மிருகங்களும் குடித்தார்கள். அங்கே நின்ற யாருக்கும் ஏதோ தவறிவிட்டது என்று தோன்றியிருக்காது. தேவன் மட்டும் அதைத் தவறு என்றார். குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை நடந்து முடிந்தது, பிரசங்கத்தைப் பலர் பாராட்டினார்கள். காரியம் நடந்துவிட்டது என்பதால் நான் நடந்த விதம் சரியாகிவிடாது. தண்ணீர் வந்தது தேவனுடைய இரக்கத்தால். மோசேயின் கோபத்துக்கு அது சான்றிதழ் அல்ல.

உங்களில் தகப்பன்மார், தாய்மார், ஆசிரியர்கள், மேற்பார்வையாளர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் திடீரென்று ஏதேனும் அறுந்து நிற்கும்போது, யாரையாவது குற்றஞ்சாட்ட நாவு எழும். அப்போது ஒரு நிமிடம் பொறுங்கள். நீங்களும் ஒருமுறை மேசைக்குக் கீழே குனிந்து பாருங்கள். அந்த முனையைக் கடைசியாகத் தொட்டது யாருடைய கை என்று கேளுங்கள். அது உங்கள் கையாக இல்லாமலும் போகலாம். ஆனாலும் குனிந்து பார்த்தவனுடைய குரல் வேறாக இருக்கும்.

புதிய புரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ கேபிள் நேராகவே போகிறது. 19 முட்கள். ஒலியும் அதிலேயே போகும், மாற்றி தேவையில்லை. ஆனால் அந்த முனையில் திருகு கிடையாது, இழுத்தால் கழன்றுவிடும். எனவே வியாழக்கிழமை தம்பி கேபிளை மேசைக்காலோடு ஒரு பட்டையால் கட்டி, கனம் முனைக்கு வராதபடி செய்தார். அட்டையில் முதல் வரியை அடித்துவிட்டு, "கேபிள் கட்டியிருக்கிறதா என்று பார்க்கவும்" என்று எழுதினார். "இதை நீங்களும் பார்க்கணும், ஐயா" என்று சிரித்தார். ஓர் ஆண்டுக்குப் பிறகு என்னிடம் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது.

பழைய கேபிள் என் மேசையில் இருக்கிறது. பிரசங்கக் குறிப்பு எழுத உட்காரும்போதெல்லாம் அந்த இரண்டு திருகுகளும் என் கண்ணில் படும்.

ஜெபிப்போம். அன்பின் ஆண்டவரே, எங்கள் அவசரத்தால் வளைந்துபோன உள்ளங்களை உமக்கு முன்பாக நினைக்கிறோம். அவர்களைத் தேடிப்போகும் தாழ்மையையும், அவர்கள் திரும்பும்வரை காத்திருக்கும் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். எங்களுக்காக அமைதியாக வெட்கத்தைச் சுமந்தவர்களை நீரே கனப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்